அடுத்த குடமுழுக்கு வரை எங்களால் காத்திருக்க முடியாது

கோயில் அறங்காவலர் குழுத் தலைவர்களுக்கும், தக்கார்களுக்கும், செயல் அலுவலர்களுக்கும், திருப்பணிக் குழுவினருக்கும்,

"அதையெல்லாம் அடுத்த திருப்பணியில் பார்த்துக்கொள்ளலாம்." வயதானவர்கள் பிடித்து ஏற ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று கேட்டதற்கு எங்கள் ஊர்க் கோயிலில் கிடைத்த பதில் இது. பாலாலயத்துக்கு, அதாவது திருப்பணி தொடங்கும் முன் சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்குக்கு, நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மதிப்பீட்டில் ராஜகோபுரத்துக்கு வண்ணம் இருக்கிறது. விமானத்துக்குக் கலசம், வெளிப்பிராகாரம் முழுக்க பாலிஷ் போட்ட கிரானைட், சன்னதிக் கதவுக்கு வெள்ளித் தகடு எல்லாம் இருக்கின்றன. கைப்பிடி இல்லை. உட்கார ஒரு பெஞ்சு இல்லை. வயதானவர் உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை இல்லை.

திருப்பணி முடிந்து நடக்கிற குடமுழுக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது வழக்கம். அதுவும் நன்கொடை சேர்ந்து, அனுமதி கிடைத்து, வேலை முடிகிற கோயில்களில்தான். பல ஊர்களில் அது பதினைந்து, இருபது ஆண்டு என்று இழுத்துவிடுகிறது. 72 வயதுக்காரரிடம் அடுத்த திருப்பணி என்று சொன்னால், 84 வயதில் வாருங்கள் என்று சொன்னதாகத்தான் அர்த்தம். அதற்குள் அவர் படுக்கையில் இருக்கலாம், படமாகச் சுவரில் இருக்கலாம். இந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் இந்தக் கடிதம். ஒரு கோயிலைக் குறை சொல்ல எழுதவில்லை. இதே மதிப்பீடு சிறிய மாற்றங்களோடு தமிழ்நாடு முழுக்கத் தயாராகிறது என்பதால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறோம்.

முதலில், முதியவர்களான நாங்கள் ஏன் கோயிலுக்கு வருகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு வேலை, பெண்ணுக்குக் கல்யாணம் என்று வரம் கேட்கிற வயது தாண்டிவிட்டது. வீட்டில் துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருப்பவர்கள், மகன் வீட்டில் ஒரு அறைக்குள் பகலைக் கழிப்பவர்கள் காலையில் குளித்து, வேட்டியோ புடவையோ மாற்றிக்கொண்டு போவதற்கு மிச்சமிருக்கிற ஒரே இடம் கோயில். அங்கே பேர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருக்கிறார்கள். செத்துப்போனவர்களின் நட்சத்திரத்துக்கு ஒரு அர்ச்சனை செய்யலாம். இருக்கிற நாளுக்கு நன்றி சொல்லலாம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். இன்று அந்த விகிதம் கூடியிருக்கிறது. சாதாரண வார நாள் காலையில் எந்தக் கோயிலிலும் எட்டு மணிக்கு நின்று பாருங்கள். பாதிக்கு மேல் நரைத்த தலைதான் தெரியும்.

இந்து சமய அறநிலையத் துறை மூத்த குடிமக்களைக் காசிக்கும் அறுபடை வீடுகளுக்கும் அரசுச் செலவில் அழைத்துப் போகிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அதற்கு வயது வரம்பு 60 முதல் 70 வரை. எழுபதைத் தாண்டியவருக்கு ஊர்க் கோயில்தான் காசி. அந்தக் காசிக்குள் நுழைகிற வழியைப் பற்றித்தான் பேசுகிறோம்.

தரையிலிருந்து தொடங்குகிறோம். பழைய கோயில்களில் போட்ட கல் உளி கொத்திய கல். அதன் சொரசொரப்பு ஈரத்திலும் காலைப் பிடித்துக்கொள்ளும். இப்போது திருப்பணி என்றாலே அதன்மேல், அல்லது அதைப் பெயர்த்துவிட்டு, பாலிஷ் கிரானைட் போடுகிறார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கிறது. ஆனால் வெறுங்கால், கழுவிவிட்ட தண்ணீர், விளக்கிலிருந்து கசிந்த எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் இளைஞனுக்கே வழுக்குகிறது. எழுபது வயதில் வழுக்கினால் அது வெறும் வழுக்கல் இல்லை. இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, பலருக்கு அதிலிருந்து எழுந்திருக்காத முடிவு. வயதான பெண்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். பாலிஷ் தரையில் இன்னொரு சங்கடம்: கூரை விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிறது. கண்புரை உள்ளவர்களுக்கு அந்தப் பளபளப்பில் ஈரம் எது, உலர்ந்தது எது, படி எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை.

புதுக் கல் போடவே வேண்டும் என்றால் கொத்திய முகத்தோடு போடுங்கள். ஏற்கெனவே பாலிஷ் கல் போட்டுவிட்ட கோயில்கள் அதைப் பெயர்க்க வேண்டாம். நடக்கிற தடத்தில் மட்டும் ஒரு மீட்டர் அகலத்துக்கு மேற்பரப்பைச் சொரசொரப்பாகக் கொத்திவிட்டால் போதும். கல் தச்சர்களுக்கு இது தெரிந்த வேலைதான். ஆனால் இது புதுக் கல்லுக்கு மட்டும். பழைய கல்லிலும் கல்வெட்டு உள்ள இடத்திலும் யாரும் உளி வைக்கக் கூடாது.

வெயில் நேரத்துச் சூடு வேறு கதை. பங்குனி, சித்திரையில் பத்தரை மணிக்கு மேல் திறந்தவெளிப் பிராகாரத்தில் கால் வைக்க முடியாது. பெரும்பாலான கோயில்களில் வெள்ளை வெப்பத் தடுப்புப் பெயின்ட் அடிக்கிறீர்கள், தென்னை நார் விரிப்பு போடுகிறீர்கள். இரண்டும் பயன்படுகின்றன. இரண்டிலும் கோளாறும் இருக்கிறது. அந்தப் பெயின்ட் நனைந்தால் வழுக்குகிறது. அடிக்கும்போதே சலித்த மெல்லிய மணலைக் கலந்து அடித்தால் அந்தக் குறை குறையும். நார் விரிப்பு சில வாரங்களில் ஓரம் சுருண்டு தூக்கிக்கொள்கிறது. காலை உயர்த்த முடியாமல் தேய்த்து நடக்கிற வயதில் அந்த ஓரத்தில்தான் கட்டைவிரல் மாட்டுகிறது. இரண்டு விரிப்பு சந்திக்கிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் அதுவும் ஒரு தடுக்கல். ஓரங்களைத் தைத்து, சந்திப்பில் சமமாக வைத்து, வாரம் ஒருமுறை பார்த்து, சுருண்டதை எடுத்துப் போட்டுவிட வேண்டும். விரிப்பு காய்ந்துபோனால் அதுவும் சுடும் என்பதால் மணிக்கொரு முறை தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும்.

சூடு பட்டால் காலை எடுத்துவிடுவார்களே என்று கேட்கலாம். சர்க்கரை நோய் நீண்ட நாள் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. சுடுவது தெரியாது. மூன்று சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய், சாயங்காலம் கால் கழுவும்போதுதான் பாதத்தில் கொப்புளம் இருப்பதைப் பார்ப்பார்கள். அது உடைந்து புண்ணாகி, ஆறாமல், விரலை எடுக்கிற வரை போகலாம். தடித்த பருத்திக் காலுறை அணிந்து பிராகாரம் சுற்ற அனுமதியுங்கள் என்று கேட்பது இதனால்தான். சில கோயில்களில் காலுறையையும் செருப்பாகக் கணக்கிட்டுக் கழற்றச் சொல்கிறார்கள். துணி உறையால் எந்த ஆசாரமும் கெடாது. உறை அணிந்தால் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் புள்ளி வைத்தது வேண்டும் என்பதையும் வாசலில் எழுதி வையுங்கள்.

அடுத்தது நிலைப்படி. கோபுர வாசலிலும் உள் மண்டபங்களிலும் குறுக்கே கிடக்கிற அந்தக் கல்தான் பலருக்கு எல்லைக்கோடு. ஒரு முழங்கால் மடங்காதவர் முப்பது செ.மீ. உயரக் கல்லைத் தாண்ட வேண்டுமானால், ஒற்றைக் காலில் முழு எடையையும் தாங்கி மற்றக் காலைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பிடிக்க எதுவும் இல்லை. பக்கத்தில் போகிறவர் தோளைப் பிடிக்கிறார்கள். அவரும் தடுமாறினால் இரண்டு பேரும் விழுகிறார்கள்.

சாய்தளம் போட்டால் அழகு கெடும், தொன்மை கெடும் என்கிறீர்கள். தொன்மை மேல் எங்களுக்கும் அக்கறை உண்டு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களின் தொன்மையைக் காக்க 75 கட்டளைகள் பிறப்பித்தபோது மகிழ்ந்தவர்களில் நாங்களும் உண்டு. அதனால் கல்லில் துளை போட்டு, சிமென்ட் குழைத்துப் பூசிக் கட்டச் சொல்லவில்லை. எடுத்து வைக்கிற சாய்தளம் போதும். கணக்கு எளிது. உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு. 15 செ.மீ. நிலைப்படிக்கு ஒவ்வொரு பக்கமும் 1.8 மீட்டர். 30 செ.மீ. என்றால் 3.6 மீட்டர். இதைவிடக் குட்டையாகச் செய்தால் சக்கர நாற்காலி ஏறும்போது பின்னால் சாயும், இறங்கும்போது ஓடும். பல இடங்களில் கண்ணுக்குச் சாய்தளம் மாதிரித் தெரிவதற்காக ஒரு மீட்டரில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் யாரும் ஏறுவதில்லை, ஏறினால் விழுகிறார்கள். இல்லாததைவிட அது மோசம்.

புள்ளி எழுப்பிய இரும்புத் தகடு வேண்டாம். வெயிலில் காயும், வெறுங்காலை அறுக்கும். தடித்த மரப்பலகையில் குறுக்கே மெல்லிய சட்டம் அடித்து, இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் ஐந்து செ.மீ. விளிம்பு வைத்துச் செய்யலாம். மழைக்காலத்துக்கு முன் எண்ணெய் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஊறிப் பாசி பிடிக்கும். நீளத்துக்கு இடமில்லாத வாசலில் நிலைப்படிக்கு முன்னும் பின்னும் பாதி உயரத்துக்கு ஒரு மரப்படியும், பக்கத்தில் ஆடாத ஒரு கைப்பிடித் தூணும் வைத்தால் நடக்கிறவர்களுக்குப் போதும். சக்கர நாற்காலிக்கு வேறு வாசல் பாருங்கள். மடைப்பள்ளிக்கு அரிசி மூட்டை தள்ளுவண்டியில் வருகிற பக்கவாசல் பெரும்பாலும் சமதளமாகத்தான் இருக்கிறது. மூட்டை போகிற வழியில் மனிதர் போக முடியாதா?

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறோம். திருவிழாவில் சுவாமி வாகனம் சகடையில் (சக்கரம் வைத்த வண்டியில்) புறப்படும்போது எத்தனை நிலைப்படி இருந்தாலும் பலகை போட்டு, முட்டுக் கொடுத்து, ஆடாமல் அசையாமல் தாண்டவைக்கிறீர்கள். அந்தப் பலகைகள் வாகன மண்டபத்தில் ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கின்றன. சாய்தளம் போடும் வித்தை கோயிலுக்குப் புதிதல்ல.

கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய் உருண்டையாக, கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கிற கனத்தில், நாலு செ.மீ. அளவில் இருக்க வேண்டும். சதுரக் குழாயை மூட்டு வீங்கிய விரல் பிடிக்காது. உயரம் சுமார் 90 செ.மீ., கூனியவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் 76 செ.மீ. உயரத்தில் இன்னொன்று. படி முடிந்த பிறகும் 30 செ.மீ. நீள வேண்டும், ஏனென்றால் கடைசிப் படியில்தான் கால் தட்டுத் தடுமாறுகிறது. இரண்டு பக்கமும் வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கைதான் வேலை செய்யும். ஏறும்போது வலது பக்கம் இருந்த கம்பி இறங்கும்போது இடது பக்கம் போய்விடும். வெயில் படுகிற இடத்தில் கம்பிமேல் கயிறு சுற்றுங்கள், எவர்சில்வர் கையைச் சுட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக அது ஆடக் கூடாது. ஆடுகிற கம்பியை நம்பி எடையைச் சாய்த்தவர் விழுவது நிச்சயம்.

இனி வரிசை. எங்களுக்கு அதிகம் வலிக்கிற இடம் இதுதான்.

தர்ம தரிசன வரிசைக்கு இரும்புக் குழாய் கட்டி வளைத்து வளைத்து விட்டிருக்கிறீர்கள். உள்ளே நுழைந்துவிட்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. விசேஷ நாளில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் வயதில் பலர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறோம். அதில் நீர் பிரிகிற மாத்திரையும் அடக்கம். ஆண்களில் பலருக்குப் புராஸ்டேட் வீக்கம். பெண்களில் பலருக்குச் சிறுநீரை அடக்கும் தசை தளர்ந்துபோயிருக்கிறது. வரிசைக்குள் கழிப்பறை இல்லை. வெளியே போனால் மறுபடி வாலில் நிற்க வேண்டும். அதனால் வயதானவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கோயிலுக்குப் போகிற நாளில் காலை மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சிலர் விரதம் என்று சொல்லிக்கொள்வதே இதை மறைக்கத்தான். பிறகு புழுக்கத்தில் அசையாமல் நிற்கும்போது இரத்தம் காலில் தேங்கி, தலைக்கு ஏறாமல், கண் இருட்டி மயங்குகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசுகிறார்கள். அவர்களைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வரிசைக்குள் படுக்கவைக்க இடமே இல்லை.

இதற்குத் தேவைப்படுவது பெரிய செலவு இல்லை. தடுப்புக் குழாயில் ஒவ்வொரு பதினைந்து மீட்டருக்கும் உள்ளேயிருந்து திறக்கிற ஒரு கதவு. வெளியே போய் வருகிறவருக்குக் கையில் ஒரு வில்லை, அதைக் காட்டினால் அதே இடத்துக்கு வரலாம். வரிசை ஓரத்தில் 45 செ.மீ. உயரப் பெஞ்சு, இரண்டு பக்கமும் கைதாங்கியோடு. கைதாங்கி இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தால் எழ முடியாது. தரையில் உட்காருங்கள் என்று சொல்வது மூட்டு தேய்ந்தவருக்கு எந்த வகையிலும் உதவாது.

இதைவிட நல்லது, தனி வரிசை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று சொல்கிறது. அதே நியாயம் கோயிலுக்கும் பொருந்தும். சில கோயில்களில் முதியோர் வரிசை என்று பலகை தொங்குகிறது, ஆனால் அது கூட்டமில்லாத நாளில்தான் திறந்திருக்கிறது. விசேஷ நாளில் முக்கியப் பிரமுகர் வரிசையாக மாறிவிடுகிறது. ஆதார் அட்டை கேட்கிறார்கள், கொண்டுவராத பாட்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். முகத்தைப் பார்த்தால் வயது தெரியாதா? துணைக்கு வந்த பேத்தியை நிறுத்திவிட்டுப் பாட்டியை மட்டும் விடுகிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு வந்தவளை விட்டுவிட்டு அந்தக் கிழவி எப்படி நடப்பாள்? ஒருவருக்கு ஒரு துணை என்பது விதியாக வேண்டும். இந்த வரிசைக்குக் கட்டணம் இருக்கவே கூடாது. பணம் கட்டினால் சன்னதிக்குப் பக்கத்தில், கட்டாவிட்டால் கம்பிக்குள் என்ற நிலை எந்த வயதிலும் கஷ்டம்தான். முதியோர் உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிறவர் நூறு ரூபாய்ச் சீட்டு வாங்க முடியாமல் கம்பிக்குள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மட்டும் சீட்டு வாங்கிப் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

கழிப்பறை பெரும்பாலும் மதிலுக்கு வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. குந்தி உட்காரும் வகைதான் அதிகம். செருப்பை வேறு வாசலில் விட்டிருப்பதால் வெறுங்காலோடு ஈரத் தரையில் போக வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தலா ஒன்றாவது வெஸ்டர்ன் கழிப்பறை, பக்கச் சுவரில் அழுத்தி எழக்கூடிய கம்பி, வெளிப்பக்கம் திறக்கிற கதவு வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவு என்றால் உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக்கொண்டு கிடப்பார், வெளியிலிருந்து திறக்க முடியாது. வாசலில் கழுவக்கூடிய நாலைந்து ஜோடி ரப்பர் செருப்பு வையுங்கள். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூச்சப்பட்டே இத்தனை காலம் சொல்லாமல் இருந்துவிட்டோம். கோயிலுக்கு வருவதை நிறுத்திய எங்கள் வயதுக்காரர்களைக் கேட்டால், கால்வலி என்றுதான் வெளியில் சொல்வார்கள். உண்மையில் பலருக்குக் காரணம் இதுதான்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். பிரதோஷ நாளில் நந்தி முன்பு, சனிக்கிழமை நவக்கிரகத்தைச் சுற்றி, தேய்பிறை அஷ்டமியில் பைரவர் சன்னதியில் தரையெல்லாம் எண்ணெயும் அபிஷேகப் பாலும். தண்ணீர் ஊற்றித் தள்ளினால் எண்ணெய் போகாது, பரவும். மரத்தூளோ உமியோ தூவி உறிஞ்சவிட்டு வாரி, பிறகு சீயக்காய்த் தூளும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். அகல் வைக்கிற இடத்தில் விளிம்பு உயர்ந்த தட்டு வைத்தால் பாதி எண்ணெய் தரைக்கே வராது. இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் குளித்துவிட்டு ஈரத்தோடு பிராகாரம் முழுக்க நடக்கிறவர்களில் கணிசமானவர்கள் இறந்த பெற்றோருக்குப் பிதுர்க்கடன் தீர்க்க வந்த முதியவர்கள்தான். அந்த மாதிரித் தலங்களில் துடைப்பதற்கென்றே ஆள் நியமிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெளிச்சமும் அப்படித்தான். வெயிலிலிருந்து மகாமண்டபத்துக்குள் நுழைந்தால் இளைய கண் சீக்கிரம் பழகிவிடும், முதிய கண்ணுக்கு அதைவிட அதிக நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் மூன்று படி ஏறச் சொல்கிறீர்கள். கண் கூசும் வெள்ளை ஃபோகஸ் விளக்கைத் தூணில் கட்ட வேண்டாம். கணுக்கால் உயரத்தில், படியின் ஓரத்தைக் காட்டுகிற மங்கிய மஞ்சள் விளக்கு போதும். கருவறையின் இருட்டைத் தொட வேண்டாம். தீப ஒளியில் தெரிகிற அந்த முகத்துக்காகத்தான் வருகிறோம்.

மலைக்கோயில்கள் சிலவற்றில் நல்லது நடந்திருக்கிறது. பழனியில் 1960-களிலிருந்து இழுவை ரயில், 2004 முதல் ரோப்கார். சோளிங்கரின் 1,305 படிகளுக்கும் ஐயர்மலையின் 1,017 படிகளுக்கும் 2024-இல் ரோப்கார் வந்துவிட்டது. எத்தனையோ பேர் இனி இந்தப் பிறவியில் இல்லை என்று விட்டுவிட்ட தரிசனத்தைப் பார்த்தார்கள். ஆனால் பராமரிப்புக்காகவோ பலத்த காற்றுக்காகவோ அது நிறுத்தப்படுகிற நாளை, வெளியூரிலிருந்து பேருந்தில் வருகிறவருக்கு அடிவாரத்தில்தான் சொல்கிறீர்கள். திட்டமிட்ட பராமரிப்பு நாட்களை ஒரு மாதம் முன்பே நாளிதழிலும் பேருந்து நிலையத்திலும் போடுங்கள்.

"பக்தி இருந்தால் கால் தானாக நடக்கும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் உடனே எடுத்துக்காட்டுவது அப்பர் பெருமானை. தள்ளாத வயதில் கயிலைக்குப் போனாரே, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பு தேய்ந்து, உருண்டே போனாரே என்பார்கள். அந்த வரலாற்றை முழுதாகச் சொல்ல வேண்டும். இறைவன் அவரை அப்படியே உருண்டு வா என்று விடவில்லை. முனிவராக எதிரே வந்து, இந்த உடம்போடு போக முடியாது, திரும்பிப் போ என்றார். அடியார் மறுத்தபோது, பொய்கையில் மூழ்கு என்று சொல்லி, திருவையாற்றில் எழவைத்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தார். ஒவ்வொரு ஆடி அமாவாசையிலும் ஐயாற்றில் இதைத்தான் விழாவாகக் கொண்டாடுகிறோம். முதியவரின் உடம்பு ஏறி வர முடியாத இடத்திலிருந்து கடவுள் இறங்கி வந்தார் என்பதுதான் நம் சமயம் சொல்கிற செய்தி. அந்த அப்பர் வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்திருந்ததும் உழவாரப்படைதான். அடியார் நடக்கிற வழியில் முள்ளும் புல்லும் இருக்கக் கூடாது என்று அவர் குனிந்து செதுக்கினார். இன்றைக்கு உழவாரப்பணி என்றால் வழுக்குகிற தரையையும் ஆடுகிற கம்பியையும் சரிசெய்வதுதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

உடம்பைக் கவனிப்பது கோயிலின் வேலை இல்லை என்பதற்கும் வரலாறு இடம் கொடுக்கவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர்சாலை (மருத்துவமனை), அதற்கு ஒரு வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளியைக் கவனிக்கிற பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர் எல்லாம் அதில் எழுதியிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் கோயில் கணக்கில் நோயாளியின் படுக்கைக்கு இடம் இருந்தது. இன்றைய மதிப்பீட்டில் ஒரு பெஞ்சுக்கு இடமில்லை என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

பணம் இல்லை என்பீர்கள். உபயதாரர்கள் விமானத்துக்கும் கவசத்துக்கும் கொடுக்கிறார்கள், கழிப்பறைக்கு யார் கொடுப்பார்கள் என்று எங்கள் ஊரிலும் கேட்டார்கள். கேட்டுப் பார்த்தீர்களா என்பதுதான் எங்கள் பதில் கேள்வி. உபயப் பட்டியலில் கலசம், கதவு, மணி என்றுதான் அச்சடிக்கிறீர்கள். "கைப்பிடி உபயம்", "இருக்கை உபயம்", "சக்கர நாற்காலி உபயம்" என்று மூன்று வரி சேர்த்து, கொடுத்தவர் பெயரை எழுதி வையுங்கள். தாயை இழந்த பிள்ளைகள் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். சக்கர நாற்காலி வாங்கும்போது முன்சக்கரம் பெரியதாகப் பாருங்கள். சின்னச் சக்கரம் கல் இடுக்கிலும் நீர் போகிற துளை மூடியிலும் மாட்டி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். காற்று அடிக்காத கெட்டி டயர் நல்லது, பஞ்சர் என்று மூலையில் கிடக்காது. கால் வைக்கிற தட்டு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. பாலாலயத்துக்கு முன்பே, மதிப்பீடு அனுமதிக்குப் போவதற்கு முன்பே, முதியோர் வசதி என்று தனித் தலைப்பு போட்டு அதில் தரை, நிலைப்படி, கைப்பிடி, இருக்கை, கழிப்பறை, விளக்கு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். சேர்க்காத மதிப்பீட்டை மேலே அனுப்பக் கூடாது. திருப்பணிக் குழுவில் எழுபது வயதைக் கடந்த இரண்டு பக்தர்கள், அதில் ஒருவர் பெண்ணாக, உறுப்பினராக இருக்க வேண்டும். திட்டம் போடுவதற்கு முன் ஸ்தபதியும் பொறியாளரும் ஊன்றுகோலோடு நடக்கிற ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு செருப்பு விடும் இடத்திலிருந்து கருவறை வரை ஒருமுறை நடந்து, அவர் நின்ற இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

திருப்பணி இல்லாத கோயில்களில் வருகிற பங்குனிக்குள் மரச் சாய்தளம், பாதிப் படி, பெஞ்சு, வரிசைக் கதவு ஆகிய நான்கையாவது செய்துவிட வேண்டும். இவற்றுக்குக் கல்லைத் தொட வேண்டியதில்லை. கட்டணமில்லாத முதியோர் வரிசையை, ஒரு துணையோடு, எல்லா நாளும் திறந்து வைக்க வேண்டும். திருவிழா நாளில் அது முடியாது என்றால், காலசந்தி என்கிற காலைப் பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரத்தை முதியோருக்கென்று ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் வேறு எந்தச் சிறப்பு வரிசையும் கூடாது. ரப்பர் பூண் போட்ட ஊன்றுகோலையும் நடைச்சட்டத்தையும் வாசலில் பறிக்கக் கூடாது. சன்னதியில் "நகருங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளக் கூடாது. கையைக் கொடுத்தால் நாங்களே பிடித்துக்கொண்டு நகர்வோம்.

கடைசியாக ஒன்று. கோயிலுக்குள் யாராவது விழுந்தால், எந்த நாள், எந்த இடம், எதனால் என்று எழுதி வைக்க ஒரு பதிவேடு வேண்டும். இப்போது விழுந்தவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியதோடு முடிந்துவிடுகிறது. பதிவேட்டை மாதம் ஒருமுறை அறங்காவலர் குழுவில் வைத்து, ஒரே இடத்தில் இரண்டு பேர் விழுந்திருந்தால் அந்த இடத்தை ஒரு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். இந்தக் கடிதத்துக்குப் பதிலை வாய்மொழியாகச் சொல்ல வேண்டாம். எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், எந்தத் தேதிக்குள் என்று எழுதி, கோயில் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில், எங்கள் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் ஒட்டுங்கள்.